மூளை சுரக்கும் மார்ஃபின்

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கேயாவது கசகசா இருக்கும். அது விளையும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் உலர்ந்தால் அபின். அபினிலுள்ள மார்ஃபின் கடும் வலியையும் அடக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். எப்படி அடக்குகிறது என்பதுதான் நெடுங்காலம் விளங்கவில்லை.

வலிச் செய்தி நரம்பில் மின்துடிப்பாக ஓடுகிறது. ஆனால் ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே முதற்செல் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அடுத்த செல்லின் மேலுள்ள ‘ஏற்பி’ என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்ள, செய்தி தொடர்கிறது. பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவிகளும் உண்டு. மார்ஃபினின் பூட்டுக்கு அப்படி அமைந்த போலிச் சாவி, நாலாக்ஸோன்.

1973-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் கதிரியக்கமூட்டிய நாலாக்ஸோனைக் கொண்டு, எலி மூளையில் அந்தப் பூட்டு இருப்பதைக் காட்டினர். உடனே ஒரு கேள்வி எழுகிறதல்லவா? ஒரு செடியின் பாலுக்காக எலியின் மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும்? உடலுக்கே சொந்தமான சாவி ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

அதை ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் இருவர் தேடிக்கொண்டிருந்தனர். ஒருவர் 1934-இல் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ். அப்போது அவருக்கு எழுபது வயது. மற்றவர் இளைஞர் ஜான் ஹியூஸ். ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளில் இறைச்சிக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவற்றிலிருந்து சாறு எடுப்பார்கள். சுண்டெலியின் விந்து நாளத்தை உப்புநீரில் தொங்கவிட்டு மின்துடிப்புக் கொடுத்தால், அதன் தசை வெட்டி வெட்டி இழுக்கும். மார்ஃபின் இட்டால் இழுப்பு தளரும். மூளைச் சாற்றை இட்டபோதும் தளர்ந்தது!

இதை மட்டும் வைத்து முடிவு கட்டலாமா? கூடாது. தசையைத் தளர்த்தும் பொருள்கள் எத்தனையோ. நாலாக்ஸோனையும் சேர்த்துப் பார்த்தார்கள்; இழுப்பு மீண்டது. அப்படியானால் சாறு வேலை செய்தது மார்ஃபினின் பூட்டு வழியாகத்தான். (நான் இயற்பியல் கற்பிப்பவன். எந்த விளக்கு எந்த ஸ்விட்சோடு இணைந்தது என்று அறிய, ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பதே எங்கள் வழக்கமும்.) 1975 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியாயிற்று. ஐந்தைந்து அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகள். கடைசிக் கண்ணி மட்டும் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லியூசின். ‘தலைக்குள் இருப்பது’ என்னும் பொருளில் என்கெஃபாலின் என்று பெயரிட்டனர்.

உயிருள்ள விலங்கில் வலியை இத்தகைய பொருள்கள் அடக்குகின்றனவா? 1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் என்பவர், எலியின் நடுமூளையில் மின்சாரம் பாய்ச்சியபடியே, மயக்க மருந்தின்றி வயிற்றில் அறுவை செய்து காட்டியிருந்தார். படிக்கையில் மனம் கூசத்தான் செய்கிறது. எலி வலி காட்டவில்லை. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் ஹுதா அகில், டேவிட் மேயர், ஜான் லீபெஸ்கிண்ட் மூவரும் இவ்வாறு மின்சாரத்தால் வலியடக்கிய எலிகளுக்கு நாலாக்ஸோன் செலுத்தினர். வலியுணர்வு திரும்பியது, ஆனால் முழுதும் அல்ல, ஓரளவே. 1976-இல் அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். மிச்சமிருந்த அந்தப் பங்கைத் தேடிப் போனவர்களுக்கு, செரோடோனின், நார் அட்ரினலின் என்னும் வேறு நரம்புக் கடத்திகளும் வலியைத் தணிப்பதில் சேர்ந்திருப்பது தெரியவந்தது.