மனச்சிதைவு நோயில் குடும்பச் சிகிச்சை: பெங்களூரும் வேலூரும்

மனச்சிதைவு நோய் உள்ளவருடன் வாழும் குடும்பத்தாருக்கு நோயைப் புரியவைத்து, வீட்டுப் பேச்சையும் பழக்கத்தையும் மாற்றி, நோய் திரும்புவதைத் தடுக்கும் முறைகளைக் குடும்பச் சிகிச்சை என்பர். இது மாத்திரைக்குப் பதிலாகத் தரப்படுவதல்ல, அதனுடன் சேர்த்துத் தரப்படுவது. ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் போன்ற கிழக்குப் பெங்களூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சிகிச்சை கிடைக்கும் முக்கிய அரசு மனநல நிறுவனம் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ்.

மேலைநாட்டில் இதன் தொடக்கம் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக அமைந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன், தாயின் வளர்ப்புமுறையே நோயை உண்டாக்கக்கூடும் என்று எழுதினார். 1956இல் கிரிகரி பேட்சனின் குழு, முரண்பட்ட கட்டளைகளுக்கிடையே குழந்தை சிக்கித் தவிப்பதைக் காரணமாகக் காட்டியது. இரண்டுக்கும் பின்னர் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார் தேவையில்லாத பழியைச் சுமந்துவிட்டனர்.

அதே காலத்தில் இந்தியாவில் நடந்தது வேறு. பிரிவினைக்குப் பிறகு இடமும் ஊழியரும் போதாத அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், 1950களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவர் தங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடுதான். என்றாலும் உறவினரைக் கூட்டாளியாக நடத்தியதில் மேலைநாட்டுக் கொள்கைகளைவிட இது முந்தியது என்றே சொல்ல வேண்டும். 1974இல் உருவான நிம்ஹான்ஸிலும் குடும்ப வார்டு தொடங்கப்பட்டது. அந்த அனுபவத்தை பட்டி, ஜனகிராமையா, சன்னபசவண்ணா ஆகியோர் 1980இல் 'ஃபேமிலி பிராசஸ்' இதழில் எழுதினர்.

ஆய்வின் திசையை மாற்றியவர் லண்டனின் ஜார்ஜ் பிரௌன். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, தனி விடுதிகளுக்குச் சென்றவர்களைவிட நோய் அதிகம் திரும்புவதை 1950களின் பிற்பகுதியில் அவர் கண்டார். நோயின் காரணத்தை விட்டு, அதன் போக்கைப் பாதிக்கும் சூழலை நோக்கிக் கேள்வி திரும்பியது. வீட்டாரின் ஓயாத குறைகூறல், பகைமை, அளவுமீறிய தலையீடு ஆகியவற்றை அளக்க ஓர் அளவுகோல் உருவானது. 1980களில் சண்டிகரில் இதே அளவுகோலைக் கொண்டு ஆராய்ந்தபோது, இவை மிகுந்த வீடுகள் லண்டனைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தன.

குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. குளிக்காமல், வேலைக்குப் போகாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்த்து "வேணும்னே பண்றான்" என்று சொல்லாத வீடு அரிது. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. மகனின் அந்தச் சோர்வும் நோயின் அறிகுறியே என்பதைத்தான் ஆலோசகர் முதலில் விளக்குகிறார். தூக்கம் குறைவது, தனக்குள் பேசிச் சிரிப்பது, மாத்திரையைத் தவிர்ப்பது போன்றவற்றை நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளாகக் கவனிக்கக் குடும்பம் பழகுகிறது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்வது, சின்ன வேலையைச் செய்தாலும் மனதாரப் பாராட்டுவது, வாதாடாமல் விலகுவது ஆகியவற்றை அமர்வில் பேசிப் பார்க்கிறார்கள். எளிமையாகத் தோன்றினாலும் பல வருடப் பழக்கத்தை மாற்றுவது கடினம். அதனால் ஓரிரு அமர்வுகள் போதா.

சென்னையில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, நோயாளியைப் பராமரிப்போரின் சுமையை அளக்கத் தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. பெங்களூரில் நிர்மலா ஸ்ரீனிவாசன் தொடங்கிய அமெண்ட், குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவினர். ஆய்வு நடந்த இடங்களுள் வசதி குறைந்த திருப்போரூர்ப் பகுதியில் பலன் தெளிவாகத் தெரிந்தது. கிராமங்களுக்கு இம்முறையை முதலில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளி தனக்குத் துணைநிற்கும் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கு வயதாகிவிட்ட வீடுகளில் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆலோசகர்கள் முன்கூட்டியே பேசத் தொடங்குவது அவசியம்.