புகைக்குச் சாட்சி

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம்மில் பலருக்கு மார்கழி என்றதும் கோலமும் பஜனையும் நினைவுக்கு வரும். தில்லியிலோ அம்மாதத்துக் காலையில் கதவைத் திறந்ததும் எதிர்ப்படுவது புகைமூட்டம். அதை அளக்க முயன்ற வரலாறு நீண்டது.

நிலக்கரியால் ஆலைகளை ஓட்டிய அன்றைய கல்கத்தாவில், புகைத் தொல்லையைத் தடுக்க 1863-இலேயே சட்டம் பிறந்தது. 1905-இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தபின் ஆய்வாளர்கள் ஆலைகளின் புகைபோக்கிகளைக் கண்காணித்தனர். அக்காலத்து அளவுகோல், ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்த அட்டை. வெண்மை முதல் கருமை வரை படிப்படியாகக் காட்டும் அதனோடு புகையை ஒப்பிட்டு எண் இடுவர். கண்ணே சாட்சி. ஆயினும் நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள் தனித்துக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சுதந்திர இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. 1984-இல் ஆக்ராவிலும் அன்பாராவிலும் 7 நிலையங்களுடன் தேசியக் கண்காணிப்பு தொடங்கிற்று. பின்னர் இடைவிடாது அளக்கும் தானியங்கி நிலையங்கள் வந்தன. அவை நம்பத்தக்கவை, ஆனால் செலவு மிக்கவை. தெருவுக்கொன்று நிறுவ இயலுமா?

இக்குறையைத் தீர்க்க வந்தவையே கைக்கு அடக்கமான மலிவுக் கருவிகள். இவற்றுள் ஒரு சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கும். துகள்மீது பட்டுச் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு துகளின் அளவு கணிக்கப்படும். அந்த எண்ணைக் கம்பியில்லாத் தொடர்பு வெகுதூரம் கொண்டு சேர்க்கும். ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையால் மணியை ஒலிக்கச் செய்து காட்டியதும் அதே கல்கத்தாவில்தான், 1895-இல்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு. பனிமூட்டத்தில் துகள்கள் ஈரத்தை ஏற்றுப் பருக்கும். கருவி அதை மாசின் மிகுதி என்று காட்டிவிடும். நாளடைவில் தூசி படிந்தும் கணக்குப் பிறழும். ஆகவே இவற்றைப் பெரிய நிலையத்தின் அருகில் சில வாரங்கள் வைத்து ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். நிறுவிய பின்னரும் அவ்வப்போது சரிபார்க்கின்றனர். அவ்வாறு திருத்தப்பட்ட பல கருவிகள் சேர்ந்தால், எந்தத் தெருவில் எந்த வேளையில் நஞ்சு மிகுகிறது என்று புலனாகும்.

குழந்தையை வெளியே விளையாட விடலாமா என்பதை இன்று ஓர் எண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறோம். கடையில் எடைக்கல்லுக்கு முத்திரை உண்டா என்று பார்க்கும் நாம், அந்த எண்ணுக்கும் முத்திரை கேட்பது முறையே.