அழைக்க வந்தவர் குடியேறிய கதை: மெக்சிகோ ஓவியத்தில் எலும்புக்கூடு

ஐரோப்பியப் படங்களில் எலும்புக்கூடு நெடுங்காலம் வெளியிலிருந்து வரும் ஆளாகவே இருந்தது. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்து, 1538இல் லியோன் நகரில் நூலாக வெளிவந்த மரண நடன மரச்செதுக்குப் படங்களில் பெரும்பாலானவற்றில் இரு தரப்பு உண்டு: உயிரோடிருக்கும் மனிதர், அவரைக் கொண்டுபோக வந்திருக்கும் எலும்புக்கூடு. உழவன் படத்தில் அது குதிரைகளை விரட்டுகிறது. ஏர் பிடிப்பதோ உழவன்தான். போப்பாண்டவர் முதல் ஏழை வரை எல்லோரையும் தேடி வந்தாலும், யாருடைய வாழ்க்கையையும் அது வாழ்வதில்லை.

இந்த இருவரும் ஒருவரானது மெக்சிகோவில். அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளையொட்டி, 'கலவேரா' எனப்படும் மலிவு விலை அச்சுத்தாள்கள் தெருவில் விற்கப்பட்டன. உயிரோடிருக்கும் பிரமுகர்களும் தொழிலாளர்களும் செத்துவிட்டதாகப் பாவித்து எழுதிய நையாண்டிப் பாட்டும் படமும் அவற்றில் இருக்கும். என் வாதம் இந்தத் தாள்களையே பற்றி நிற்கிறது. இருப்பவரை இறந்தவராகப் பாடும்போது படத்திலுள்ள எலும்புக்கூடும் அவரே ஆகிறார். அழைக்க வரும் தூதனுக்கு அங்கே வேலையில்லை.

மானுவல் மனிய்யா தொடங்கிவைத்த இந்தப் பாணியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913). மெக்சிகோ நகரில் அந்தோனியோ வனேகாஸ் அரோயோவின் அச்சகத்துக்காக அவர் செதுக்கிய எலும்புக்கூடுகள் சைக்கிள் ஓட்டுகின்றன, குடிக்கின்றன, ஆடுகின்றன. சதை போனபின் முகத்தை வைத்து ஆளை அறிய முடியாது. உடையும் தொப்பியும் கைக்கருவியுமே அவர் யாரென்று சொல்லும். போசாதாவின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. சாவு எல்லோரையும் சமமாக்கும் என்பார்கள். அவர் படங்களிலோ எலும்பான பிறகும் வர்க்கம் அப்படியே இருக்கிறது. பிற்காலத்தில் கத்ரீனா என்று புகழ்பெற்ற படத்தில் மண்டையோடும் பகட்டான பெரிய தொப்பியும்தான் பிரதானம். பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பிய மோஸ்தரைப் பூண்டவர்களை இடித்துரைக்க அந்தத் தொப்பியே போதுமானதாக இருந்தது.

வறுமையில் இறந்த போசாதாவை 1920களில் ழான் ஷார்லோ என்ற ஓவியர் கலையுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் எலும்புக்கூடு பெருஞ்சுவர்களில் ஏறியது. தியேகோ ரிவேரா 1947இல் மெக்சிகோ நகரின் பிராதோ ஹோட்டலுக்காகத் தீட்டிய, சுமார் 15 மீட்டர் நீளச் சுவரோவியத்தில் கத்ரீனாவுக்கு முழு உருவம் கொடுத்தார். சிறுவன் ரிவேராவின் கையைப் பிடித்தபடி, போசாதாவின் பக்கத்தில் அவள் நிற்கிறாள். அழகான படம், ஆனால் தெருத்தாளின் கடுப்பு அதில் தணிந்து, அவள் தேசிய அடையாளமாகிவிட்டாள் என்பது என் கணிப்பு.

அந்தக் கடுப்பைக் காத்தவர் ஹோசே கிளெமென்தே ஒரோஸ்கோ. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி நூலகத்தில் 1932–34இல் அவர் தீட்டிய சுவரோவியத்தின் ஒரு பகுதியில், பட்டமளிப்பு அங்கியணிந்த எலும்புக்கூடுகள் வரிசையாக நின்று பார்த்திருக்க, புத்தகங்களின்மேல் கிடக்கும் எலும்புக்கூடு ஒன்று எலும்புக் குழந்தையை ஈனுகிறது. கல்லூரியின் சுவரிலேயே கல்விமான்களின் அன்றாடத்தை இப்படி எழுத அசாத்தியத் துணிவு வேண்டும்.

1982இல் கலிபோர்னியாவின் எஸ்தர் எர்னாந்தஸ் இந்த மரபைத் தோட்டத் தொழிலாளரிடம் கொண்டுசேர்த்தார். சான் வோக்கீன் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருந்ததை அறிந்து கொதித்தார். பிரபலமான உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணை அவர் தம் திரையச்சுப் படத்தில் எலும்புக்கூடாக்கினார். சிவப்புக் குல்லாவும் திராட்சைக் கூடையும் அப்படியே இருக்கின்றன. கீழே, பயிருக்கு அடிக்கும் நச்சுகளின் வகைகள் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன.