கண்டோர் கூற்று: தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பார்வையாளர் பேச்சு

ஆய்வுச் சுருக்கம்

படம் பார்த்தவர்கள் தமக்குள் இயல்பாகப் பகிர்ந்துகொள்ளும் கருத்துகள் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் சான்றாகக் கொள்ளப்படுவது அரிது. மௌனப் படக் காலம் முதல் 1990களின் இறுதி வரை இப்பேச்சு எங்கெங்கே தடம் பதித்தது என்பதை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. பார்வையாளர் பேச்சு தனக்கெனக் கலைச்சொற்களும் அளவுகோல்களும் கொண்ட ஒரு வாய்மொழித் திறனாய்வு என்பதும், அச்சு விமர்சனம் சில காலங்களில் அதனிடமிருந்தே வடிவத்தைக் கடன் பெற்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பார்வையாளர், வாய்மொழி, டூரிங் டாக்கீஸ், இதழியல், திரை விமர்சனம்

முன்னுரை

அகப்பாடல் மரபில் தலைவன், தலைவி, தோழி ஆகியோருக்கு மட்டுமன்றிக் கண்டோருக்கும் கூற்று உண்டு. வழியில் நின்று பார்த்தவரின் சொல்லும் பாடலாகும் தகுதி பெற்றிருந்தது. தமிழ்த் திரைப்பட வரலாற்றிலோ தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர், அரசியல் தலைவர், தணிக்கை அலுவலர் ஆகியோரின் கூற்றுகளே மிகுதியாகப் பதிவாகியுள்ளன. படத்தைக் கண்டோர் பெரும்பாலும் வசூல் கணக்காகவோ வாக்கு எண்ணிக்கையாகவோ மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்கள் என்ன பேசினர் என்னும் வினா இன்னும் முழுமையாக எழுப்பப்படவில்லை.

1. சாட்சியம் அளித்தோரும் அளிக்காதோரும்

திரைப்படம் குறித்த கருத்துகளை இந்தியாவில் முதன்முதலில் பெருமளவில் திரட்டிய முயற்சி, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் இயங்கிய இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு ஆகும். குழு வினாப்பட்டியலைச் சுற்றுக்கு விட்டு, பல நகரங்களில் அமர்ந்து 353 பேரை நேரில் விசாரித்தது. அச்சாகிய சாட்சியத் தொகுதிகள் இன்றும் முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுகின்றன.

அழைக்கப்பட்டோர் பெரும்பாலும் அதிகாரிகள், கல்வியாளர், வணிகர், படத்தொழில் சார்ந்தோர் ஆகியோரே. தரையில் அமர்ந்து படம் பார்த்தவர் என்ன எண்ணுகிறார் என்பதை மேலிருக்கையில் அமர்ந்தவர் சொல்லவேண்டிய நிலை அங்கே இருந்தது. எளியோர் படத்தால் கெட்டுப்போவர் என்ற அச்சமும், அவர்களுக்குச் சண்டையும் சாகசமுமே பிடிக்கும் என்ற முடிவும் பிறர் வாய்வழியே ஆவணத்தில் ஏறின. பார்வையாளரைப் பற்றிப் பேசுவதும் பார்வையாளர் பேசுவதும் வேறு என்பதற்கு இத்தொகுதிகள் நல்ல எடுத்துக்காட்டு.

2. கூடாரத்தின் இடைவேளைகள்

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று கதையை விளக்குவோர் இருந்தனர். ஆகவே படம் பார்த்தல் தொடக்கம் முதலே பேச்சோடு கூடிய நிகழ்வாக இருந்தது.

1931இல் 'காளிதாஸ்' வெளியாகிப் பேசும் படம் வந்தபின் திரையே பேசத் தொடங்கியது. பார்வையாளர் பேச்சு மட்டும் ஓயவில்லை. சிற்றூர்களில் பரவிய டூரிங் டாக்கீஸ்களின் அமைப்பே அதற்கு இடம் தந்தது. ஒரே புரொஜெக்டர் கொண்ட கூடாரங்களில் ரீல் மாற்றும்தோறும் படம் நின்றது. ஒரு காட்சிக்குப் பல இடைவேளைகள் அமைந்தன. முறுக்கும் சோடாவும் விற்கப்பட்ட அந்த நிமிடங்களில், இதுவரை நடந்ததை மதிப்பிடவும் இனி நடப்பதை ஊகிக்கவும் பார்வையாளருக்கு வாய்ப்புக் கிட்டியது.

படத்தின் பாட்டுப் புத்தகங்களும் இப்பேச்சைத் தூண்டின. கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்வது அவற்றின் வழக்கம். படம் பார்த்தவர் பாராதவருக்கு அந்த மீதியைச் சொன்னார். எதைச் சொல்வது, எதை மறைப்பது, எந்த இடத்தை விரித்துரைப்பது என்னும் தேர்வுகளில் கதைசொல்லலும் மதிப்பீடும் ஒன்றாகின்றன.

3. மனப்பாடமும் மதிப்பீடும்

1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1952 தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி'யின் வசனங்கள் புத்தகமாகவும் ஒலித்தட்டாகவும் பரவின. நீதிமன்றக் காட்சியைப் பலர் மனப்பாடமாக ஒப்பித்தனர். படத்தைத் தடைசெய்யக் கோரிய குரல்களும் எழுந்தன. இவ்விரு தரப்பாரில் அரசுக் கோப்பில் இடம்பெற்றவர் கண்டித்தோரே. தெருமுனையில் வசனம் பேசிக் காட்டியவருக்குக் கோப்பு இல்லை. ஆயினும் ஒரு படத்தின் எப்பகுதியை நினைவில் நிறுத்துவது என்பதும் ஒரு மதிப்பீடே. ஒப்பித்தலைக் கண்மூடித்தனமான பற்று என்று மட்டும் கொண்டால் இத்தேர்வு கண்ணுக்குப் புலப்படாது.

4. அச்சேறிய உரையாடல்

தமிழ் இதழ்களில் கலை விமர்சனத்தை வளர்த்தவருள் கல்கி குறிப்பிடத்தக்கவர். 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, கலை அறிந்த ஒருவர் வாசகருக்கு எடுத்துரைக்கும் நடையில் அமைந்தது. பின்னர் 'பேசும் படம்', 'குண்டூசி' முதலிய திரை இதழ்கள் தோன்றின. கேள்வி-பதில் பகுதிகளும் வாசகர் கடிதங்களும் பார்வையாளரின் பெயரையும் ஊரையும் அச்சில் ஏற்றின.

1960களை ஒட்டிய ஆண்டுகளில் ஆனந்த விகடன் கையாண்ட விமர்சன வடிவம் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. படம் பார்த்த இரு நண்பர்கள் பேசிக்கொள்வதாக அவ்விதழின் விமர்சனங்கள் பல அமைந்தன. சேகர், சந்தர் என்னும் பெயர்களில் படித்த இளைஞர் பேசினர். முனுசாமி, மாணிக்கம் என்னும் பெயர்களில் எளிய மக்களின் பேச்சு நடை ஒலித்தது. ஒருவர் புகழ மற்றவர் மறுப்பார். ஒருவர் மறந்த காட்சியை மற்றவர் நினைவூட்டுவார். விமர்சகர் ஒருவரின் தீர்ப்பாக அமையவேண்டிய எழுத்து, திரையரங்கிலிருந்து வீடு திரும்புவோரின் பேச்சாக உருமாறியது. அப்பேச்சுக்கு வாசகரிடையே ஏற்பு இருந்தமையாலேயே இதழ் அதை வடிவமாகக் கொண்டது எனலாம்.

இதனை நேர்ச் சான்றாகக் கொள்ள இயலாது. முனுசாமியும் மாணிக்கமும் இதழாசிரியர் குழுவின் படைப்புகள். அவர்களின் எளிமை படித்தவர் கற்பனை செய்த எளிமை. வாசகர் கடிதங்களும் தேர்வுக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டவை. எனினும் எந்த நடையில் பேசினால் வாசகர் நம்புவர் என்று இதழ் கருதியது என்பதை இவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

பின்னர் விகடன் மதிப்பெண் முறைக்கு மாறியது. 1977இல் வெளியான '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண் இன்றும் நினைவுகூரப்படுகிறது. உரையாடலில் இருவர்க்கும் இடமிருந்தது. எண்ணில் ஒரு தீர்ப்புக்கே இடமுண்டு. ஆனால் அந்த எண் சரியா, குறைவா என்று வாசகர் வாதிட்டபோது பேச்சு மீண்டும் அவர்களிடமே திரும்பியது.

5. வாய்மொழியின் அளவுகோல்கள்

பார்வையாளர் பேச்சுக்குத் தனிச் சொற்களஞ்சியம் உண்டு. 'படம் ஓடும்' என்பது வசூல் பற்றிய ஊகம். 'தேறும்' என்பது குறைகளை ஏற்றுக்கொண்ட இசைவு. 'இழுவை' என்பது காலக் கட்டமைப்பு பற்றிய கண்டனம். 'ஒரு தடவை பார்க்கலாம்' என்பது செலவையும் இன்பத்தையும் சேர்த்து எடைபோட்ட முடிவு. 'முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி சரியில்லை' என்னும் பகுப்பு, இடைவேளை என்ற திரையரங்கு நடைமுறையிலிருந்து பிறந்த வடிவ விமர்சனம். கோட்பாட்டு நூல்களிலிருந்து பெறப்படாத இச்சொற்கள், பணமும் நேரமும் கொடுத்துப் பார்த்த அனுபவத்திலிருந்து எழுந்தவை.

இப்பேச்சின் ஆற்றலுக்கு 1999 டிசம்பரில் வெளியான 'சேது' சான்றாகும். வாங்க ஆளின்றி நெடுங்காலம் காத்திருந்து, சில அரங்குகளில் மட்டும் வெளியாகி, தொடக்கத்தில் கூட்டமின்றி ஓடிய அப்படம், பார்த்தவர் பிறரிடம் சொல்லச் சொல்லப் பெருவெற்றி கண்டது. விநியோகத் துறையின் கணிப்பைப் பார்வையாளர் பேச்சு இங்கே திருத்தி எழுதியது.

6. ஆய்வுலகின் கவனம்

தியடோர் பாஸ்கரன், கா. சிவத்தம்பி முதலியோர் தமிழ்த் திரைப்படத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தனர். 1992இல் வெளியான நூலில் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் பிம்பம் எளியோரிடம் செயற்பட்ட முறையை விளக்கினார். சாரா டிக்கி 1980களின் நடுப்பகுதியில் மதுரையில் கள ஆய்வு மேற்கொண்டு நகர்ப்புற ஏழைகளின் படம் பார்க்கும் வழக்கங்களை 1993இல் நூலாக்கினார். பார்வையாளரிடமே கேட்டறிதல் என்னும் முறையால் டிக்கியின் ஆய்வு தனித்து நிற்கிறது. திரையில் காண்பது வாழ்க்கையன்று என்பதை நன்கறிந்தே, கவலையை மறக்கப் படத்துக்குச் செல்வதாக அவர்கள் கூறினர். பார்வையாளர் ஏமாளிகள் என்னும் பழைய முடிவை இக்கூற்று அசைக்கிறது.

முடிவுரை

பார்வையாளர் பேச்சைச் சான்றாகக் கொள்வதில் இடர்கள் உள்ளன. அது எழுதப்படாதது, நினைவில் ஆண்டுகள் மாறும், பின்னர்க் கண்ட வெற்றி முன்னைய கருத்தின் நிறத்தை மாற்றும். பெண்களின் பேச்சு அச்சில் மேலும் குறைவு. கூடாரத்தில் தடுப்புக்கு அப்பால் அமர்ந்தோர் என்ன பேசினர் என்பதை இதழ்கள் மிக அரிதாகவே பதிந்தன. எனினும் இவ்விடர்கள் வாய்மொழி வரலாறு முழுமைக்கும் பொதுவானவை. முறையான ஒப்பீட்டால் எதிர்கொள்ளத்தக்கவை.

எஞ்சியுள்ள காலம் மட்டும் குறைவு. 'பராசக்தி'யை முதல் வெளியீட்டில் சிறுவராகக் கண்டோர் இன்று எண்பது வயதைக் கடந்துள்ளனர். படச்சுருள்களைப் பாதுகாப்பதற்கான குரல் இன்று வலுத்துள்ளது. அப்படங்களைக் கண்டோரின் சொற்களையும் வட்டாரந்தோறும், பெண்களிடம் முதன்மையாகச் சென்று, ஒலிப்பதிவாகத் தொகுத்தல் உடனடித் தேவை. படச்சுருள் கிடைத்தும் அது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை அறியவியலாத வரலாறு பாதி வரலாறாகவே நிற்கும்.