டிஜிட்டல் கேமராவின் கடிகார பேட்டரி

சிறிய டிஜிட்டல் கேமராவில் முதன்மை பேட்டரி வெளியே இருக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் காத்து வைக்கும் துணை பேட்டரி, கடிகார பேட்டரி எனப்படுகிறது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பல கேமராக்களில் இது உள்ளே சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து கண்ணில் படாது. கேமராவைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று அந்தக் கோப்பு சொல்லும் தகவல் இந்தப் பேட்டரியை நம்பியே இருந்தது.

ஃபிலிம் காலத்துத் தேதி

1980களிலும் 1990களிலும் எடுத்த குடும்பப் படங்கள் பலவற்றின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிற எண்கள் இருக்கும். கேமராவின் பின்மூடிக்குள் தனியாக ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் ஓடியது. படம் எடுக்கும்போது ஒரு நுண்ணிய விளக்கு அந்தத் தேதியை ஃபிலிமின் மேல் ஒளியால் பதித்தது. இந்தக் கடிகாரத்துக்கு மின்சாரம் தந்தது பெரும்பாலும் சிஆர்2025 போன்ற ஒரு பட்டன் பேட்டரி. தீர்ந்தால் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அவற்றுள் பல மாதிரிகளின் நாட்காட்டி 2019ஆம் ஆண்டோடு முடியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அத்தனை ஆண்டுகள் இந்தக் கேமரா இருக்கப்போவதில்லை என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்கலாம். இன்றும் ஓடுகிற கேமராக்கள் உள்ளன.

இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. தேதி படத்தின் மேலேயே தெரிந்தது. தவறாக இருந்தால் ஸ்டுடியோவிலிருந்து பிரதி வந்த அன்றே கண்டுகொள்ள முடிந்தது.

கோப்புக்குள் போன தேதி

பின்பக்கத் திரையுடன் வந்த கேசியோ கியூவி-10 கேமரா 1995இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று எக்சிஃப் என்ற தரநிலையை வெளியிட்டது. படக்கோப்பின் உள்ளேயே லென்ஸ், ஒளி அளவு போன்ற விவரங்களுடன் எடுத்த நேரத்தையும் எழுதிவைக்க இது வழி செய்தது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் இடைக்குறிகளுடன் சேர்ந்து 19 எழுத்துகளில் அடங்கிவிடும். எந்த நேர மண்டலம் என்று குறிக்க இடமே இல்லை. அந்த இடம் 2016இல் வந்த 2.31ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது.

தேதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. கணினியோ அதை நம்பியே படங்களை வரிசைப்படுத்தியது. தவறான தேதி பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடக்க இதுவே காரணம்.

தனி பேட்டரி எதற்கு

மொழி, ஒலி, படத்தின் அளவு போன்ற அமைப்புகளை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிடலாம். அவை மின்சாரம் இல்லாமலும் அழியாது. நேரத்தை அப்படி எழுதிவைக்க முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கேமராவுக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். அதுவே ஒரு நொடி. கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான். லித்தியம் அயான் பேட்டரியை வெளியே எடுத்து, தனிச் சார்ஜரில் ஓரிரு மணி நேரம் வைப்பது அக்கால வழக்கம். அந்த இடைவெளியில் படிகம் நின்றுவிடக் கூடாது.

இதற்கு இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, ஃபிலிம் கேமராவைப் போலவே மாற்றக்கூடிய பட்டன் பேட்டரி. கேனான் பவர்ஷாட் வரிசையில் ஏ570 ஐஎஸ், ஜி9 போன்றவற்றில் சிஆர்1220 பேட்டரி இருந்தது. மற்றொன்று, மறுபடி சார்ஜ் ஆகும் சிறு லித்தியம் பேட்டரியை உள்ளேயே பற்றவைப்பது. 2002இல் வந்த கேசியோ எக்சிலிம் இஎக்ஸ்-எஸ்1 வெறும் 11.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கேமராக்கள் இவ்வளவு மெலிந்தபோது இன்னொரு பேட்டரிக்குக் கதவு வைக்க இடம் ஏது? முதன்மை பேட்டரி உள்ளே இருக்கும்போதெல்லாம் இந்தச் சிறு பேட்டரி தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

இதன் கொள்ளளவு சில மில்லியாம்பியர் மணி மட்டுமே. 5 மில்லியாம்பியர் மணி கொண்ட பேட்டரியிலிருந்து கடிகாரச் சுற்று 2 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 2,500 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 100 நாள் ஓடும். பானாசோனிக் கையேடுகள் சார்ஜ் ஏற்றிய முதன்மை பேட்டரியை 24 மணி நேரம் உள்ளே வைத்தால் மூன்று மாதம் நேரம் நிலைக்கும் என்றன. சோனி கையேடுகள் ஏறத்தாழ ஒரு மாதம் என்றன. நிக்கான் கூல்பிக்ஸ் கையேடுகளில் 10 மணி நேரச் சார்ஜுக்குச் சில நாட்கள் என்று இருந்தது.

பேட்டரி மூப்படைந்தபோது

அன்றாடம் பயன்படும் கேமராவில் இந்தப் பேட்டரி கொஞ்சம் வடிந்து மீண்டும் நிறையும். அப்படி நூற்றுக்கணக்கான முறை தாங்கும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போதோ முழுதும் வடிந்துவிடுகிறது. முழு வடிதல் இந்த வகை பேட்டரிகளை வெகு விரைவில் கெடுக்கும். பயன்பாட்டைவிடப் பயன்படுத்தாமையே இதை அதிகம் கொன்றது.

இறந்தபின் கேமரா படம் எடுப்பதை நிறுத்துவதில்லை. முதன்மை பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியைக் கேட்கும், அவ்வளவுதான். திருமண வீட்டில் அவசரமாக பேட்டரி மாற்றுகிறவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார். பல கேமராக்களில் நேரம் அப்போது நிறுவனம் வைத்த தொடக்க நாளிலிருந்து, பெரும்பாலும் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, ஓடத் தொடங்கும். பழைய வன்தட்டுகளில் ஒரே ஜனவரி முதல் நாளில் பிறந்தநாள், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் குவிந்து கிடப்பது இதனால்தான். படத்தில் உள்ளவர்களும் எடுத்தவரும் மறைந்த பிறகு அந்தக் குவியலைப் பிரிப்பது எளிதல்ல.

ஆயினும் எல்லாமே தொலைந்துவிடவில்லை. தவறான தேதியிலிருந்து ஓடினாலும் கடிகாரம் சரியான வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரம் உண்மையானது. ஒரு தொகுப்பில் ஏதேனும் ஒரு படத்தின் நேரம் உறுதியாகத் தெரிந்தால் போதும். நாள் தெரிந்த விழாவில் சுவர்க் கடிகாரம் படத்துக்குள் விழுந்திருந்தால் அதுவே சான்று. வித்தியாசத்தைக் கணக்கிட்டு மற்ற எல்லாப் படங்களுக்கும் கூட்டிவிடலாம். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003 முதல் இலவசமாக வழங்கிவரும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இதை ஒரே கட்டளையில் செய்யும். ஒவ்வொரு பேட்டரி மாற்றத்துக்குப் பிறகும் வித்தியாசம் வேறாகும் என்பதால், தொகுப்பு எங்கே முடிகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோப்புப் பெயரின் கடைசி நான்கு இலக்க எண் உதவும். அந்த எண் கடிகாரத்தை நம்பி இருப்பதில்லை. கார்டு மாறும்போது மீண்டும் 0001இலிருந்து தொடங்கும் அமைப்பு இல்லாவிட்டால், தேதி பின்னால் குதித்தாலும் எண் முன்னால்தான் போகும்.

இன்றைய நிலை

செல்போனில் நேரம் வலைப்பின்னலிலிருந்து வருகிறது; அதைப் பயனர் அமைக்க வேண்டியதே இல்லை. 2010இல் உலக அளவில் 10 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்ட சிறிய கேமராக்கள், செல்போன் கேமராக்களின் வரவால் அதில் மிகச் சிறு பங்காகச் சுருங்கின. 2020களில் இளைஞர்கள் பழைய கேமராக்களைத் தேடி வாங்கத் தொடங்கியதும் இந்தப் பேட்டரி மறுபடி கவனத்துக்கு வந்தது. மாற்ற முயல்வோர் இரண்டை அறிந்திருக்க வேண்டும். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தேங்கியிருக்கும். கேமராவை அணைத்த பிறகும் அது கடுமையாகத் தாக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரி இருந்த இடத்தில் சார்ஜ் ஆகாத சாதாரணப் பட்டன் பேட்டரியைப் பற்றவைத்தால், கேமரா அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். பேட்டரி கசியலாம், வெடிக்கவும் கூடும்.