23 புளியங்கொட்டைகள்

சித்தேரி மலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போயிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "கணக்குல பெரிய ஆளுங்க எல்லாம் ஐயருங்கதானாண்ணா?" அவன் பார்த்திருந்தது ராமானுஜன் படம் ஒன்றைத்தான்.

எஸ்.எஸ். பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1901இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயசிலேயே அம்மா போய்விட்டார். பள்ளி இறுதி வருஷத்தில் அப்பாவும். அதோடு படிப்பு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு உதவித்தொகையில் திருவனந்தபுரத்தில் பி.ஏ., சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு, 1929இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்.

அவர் மல்லுக்கட்டியது 1770இல் வாரிங் என்ற இங்கிலாந்துக்காரர் போட்டுவிட்டுப் போன கணக்கோடு. எந்த எண்ணையும் 1, 8, 27 மாதிரியான கன எண்களைக் கூட்டி எழுதலாம். அதிகபட்சம் எத்தனை வேண்டும்? பையனிடம் 23 புளியங்கொட்டையைக் கொடுத்தேன். 27 ஆகாது. எட்டெட்டாக ரெண்டு குவியல், மீதி ஏழும் ஒண்ணொண்ணா. நான் வாயைத் திறப்பதற்குள் "ஒம்போது" என்றான். எந்த எண்ணுக்கும் ஒன்பது கனம் போதும். ஆறாம் அடுக்குக்கு எத்தனை? 73 என்று 1940இல் நிரூபித்தவர் பிள்ளை. அதற்கு முன்பே, 1935-36இல், ஏழுக்கும் மேற்பட்ட அடுக்குகளுக்கும், ஒரு நிபந்தனையின் கீழ், விடை கண்டிருந்தார். அமெரிக்காவில் டிக்சனும் தனியாக அங்கேதான் வந்து சேர்ந்தார்.

பிற்பாடு கல்கத்தா. 1950 ஆகஸ்ட் 31 அன்று, பிரின்ஸ்டனுக்கும் ஹார்வர்டு கணித மாநாட்டுக்கும் கிளம்பியவர் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயசு 49.

"அவரு நம்ம ஆளாண்ணா?"

இல்லை. பேரிலேயே சாதி இருக்கிறதே. சாஸ்திரியார் நல்ல மனுஷன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை சேரிப் பக்கம் நீண்டிருக்குமா? பிள்ளை படித்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் சிறுவனாக இருந்த அதே 1910களில், அதே சமஸ்தானத்தில், ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார் அய்யன்காளி. பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். பஞ்சமிக்குக் கணக்கு வந்திருக்குமா வராதா என்று யாராவது பார்க்க விட்டார்களா? மூளை ஜாதி பார்த்துப் பிறப்பதாக இன்றைக்கும் பேசுகிறவர்கள் இந்த ரெண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

பையனுக்கு அதெல்லாம் அப்புறம். "எழுவத்தி மூணு எந்த நம்பருக்குண்ணா வரும்?" என்றான். 703 என்றேன். ரெண்டின் ஆறாம் அடுக்கு 64, அதைப் பத்துத் தடவை எடுத்துவிட்டு மீதியைச் சொல் என்றேன்.

"அறுவத்தி மூணு."