முத்துக் கடற்கரை சொல்லும் சமாதானப் பாடம்



வியாபாரத்தில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு என்பதை அனைவரும் அறிவோம். அவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தே வருகிறது. அதுதான் தகராறு. கூட்டாளி சொன்ன சொல் மாறுகிறார். வாங்கிய சரக்கிற்குப் பணம் வந்து சேரவில்லை. தந்தை நடத்திய கடையைப் பிள்ளைகள் பிரிக்கும்போது பழைய கணக்கு ஒன்று தலைதூக்குகிறது. தகராறே இல்லாத வியாபாரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வந்த தகராறை எப்போது, யாரிடம் கொண்டு செல்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் செல்வம் நிலைப்பதும் அழிவதும் அமைகின்றன. தீர்க்கத் தவறிய ஒரு பூசலால் இரு சமுதாயங்கள் தங்கள் கடலையே பிறரிடம் பறிகொடுத்த வரலாறு நம்முடைய கரையிலேயே நடந்திருக்கிறது.

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள தருவைகுளத்தை அறிந்திருப்பீர்கள். இவ்வூர் மீனவர்கள் விசைப்படகுகளில் செவுள் வலைகளோடு ஆழ்கடலுக்குச் சென்று, பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள். இத்தகைய ஒரு படகில் எத்தனை பேருடைய பணமும் உழைப்பும் கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். படகின் உடைமையாளர், அதற்கு முதல் போட்டவர், பங்குக்குத் தொழில் செய்பவர், முன்பணம் கொடுத்த வியாபாரி, கரையில் மீனை ஏலம் விடுபவர் என ஒரே படகைச் சுற்றிப் பல கணக்குகள் ஓடுகின்றன. இன்று மீனுக்காக நடக்கும் இந்தக் கூட்டு முயற்சி, அன்று இதே கடலில் முத்துக்காக நடந்தது. தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில்தான்.

காயலில் இருந்த நீதி

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து படகுகளை அமர்த்தி, கூலிக்கு முத்துக்குளிப்போரை அழைத்துச் சென்றதை எழுதி வைத்துள்ளார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. கடலின் பெரிய மீன்கள் தாக்காதவாறு மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. யாருக்கு எவ்வளவு என்பது படகு புறப்படும் முன்பே தெரிந்திருந்தது. தகராறைத் தடுக்கும் முதல் வேலி அதுதான்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா காயலைப் பற்றி எழுதுகிறார். முத்துக்குளிப்பின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வமிக்க முஸ்லிம் வணிகர் ஒருவர் அங்கே இருந்தார். முஸ்லிம்களிடையே எழும் வழக்குகளை அவரே விசாரித்துத் தீர்ப்பளித்தார். அரசர் அதில் தலையிடவில்லை. ஆக, நம் முன்னோரிடம் வழக்கைத் தீர்க்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஆனால் அது தமக்குள் எழும் வழக்கிற்கு மட்டுமே உரியதாக இருந்தது. கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவர்களுக்கும், குத்தகையும் வாணிபமும் கையில் வைத்திருந்த முஸ்லிம்களுக்கும் இடையே பிணக்கு வந்தால் இருவரும் நம்பி அமரக்கூடிய பொதுத் திண்ணை ஒன்று அமையவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

ஒரு காதணியில் தொடங்கிய போர்

1530களில் தூத்துக்குடியில் ஒரு சண்டை மூண்டது. முஸ்லிம் ஒருவர் பரதவர் ஒருவரின் காதணியைக் காதோடு அறுத்துவிட்டார் என்றும், அதிலிருந்தே பழிக்குப் பழி தொடங்கியது என்றும் பழைய ஏடுகள் கூறுகின்றன. அக்காலத்தில் காதை அறுப்பது ஒருவரின் மானத்தையே அறுப்பதற்கு ஒப்பானது. இரு பக்கமும் உயிர்கள் பலியாயின. தொழிலில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கசப்பு இந்த ஒரு நிகழ்ச்சியால் பற்றி எரிந்தது.

அந்நேரத்தில் பரதவர்களுக்கு யோசனை சொல்ல வந்தவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடுங்கள் என்று அவர் வழிகாட்டினார். பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பரதவர்கள் கிறித்தவம் தழுவினர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் நடந்த போரில் மார்த்திம் அபோன்சோ த சூசாவின் படையிடம் முஸ்லிம்களின் கப்பற்படை தோற்றது.

யார் வென்றது, சகோதரர்களே? முஸ்லிம்கள் முத்துக்குளிப்பின் மீதிருந்த செல்வாக்கை இழந்தனர். பரதவர்களாவது கடலுக்கு உரியவர்கள் ஆனார்களா? அதுவும் இல்லை. அவர்கள் போர்ச்சுக்கீசியருக்குத் திறை செலுத்தினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1825இல் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. மூழ்கியவருக்கும் முதல் போட்டவருக்கும் இடையே இருந்த கணக்கை மூன்றாம் ஆள் வந்து எழுதினான். முந்நூறு ஆண்டுகள் அவனே எழுதிக்கொண்டிருந்தான்.

அந்தச் சண்டை நடக்காவிட்டாலும் போர்ச்சுக்கீசியர் வந்திருப்பார்கள் என்று நீங்கள் கூறலாம். உண்மைதான், 1520களிலேயே அவர்கள் இக்கரையில் அதிகாரம் செலுத்தத் தொடங்கிவிட்டனர். ஆயினும் ஒற்றுமையுள்ள கரைக்குள் பீரங்கியோடு நுழைவது வேறு. அழைப்பின் பேரில் பாதுகாவலனாக நுழைவது வேறு. கதவைத் திறந்து விட்டது நம்மவர்களின் தீராத பகைதான்.

சாலிஃபா தரும் எச்சரிக்கை

முத்துக்குளித்த மற்றொரு கடலான அரபு வளைகுடாவின் அனுபவத்தையும் பார்ப்போம். பஹ்ரைன், குவைத் போன்ற நாடுகளில் முத்துக்குளிப்பில் எழும் வழக்குகளுக்கென்றே சாலிஃபா என்ற மன்றம் இருந்தது. படகுத் தலைவர்களான நாகூதாக்களுக்கும் மூழ்குவோருக்கும் இடையிலான முன்பணம், பங்கு, கடன் பற்றிய பிணக்குகளைத் தொழில் தெரிந்தவர்கள் அமர்ந்து தீர்த்தனர். கடலின் வழக்கம் அறிந்தவரே கடலின் வழக்கைத் தீர்ப்பது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தீர்ப்புச் சொல்வோர் பெரும்பாலும் முதலாளிகளின் பக்கத்தவராகவே இருந்தனர் என்ற குறை எழுந்தது. எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளியின் கடன் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. 1920களில் பஹ்ரைனில் சீர்திருத்தம் வந்தபோது, மூழ்குவோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரப்பட வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்றாயிற்று. அதன் பின்னும் மனக்குறை அடங்காமல் 1932இல் அங்கே முத்துக்குளிப்போர் கலகம் செய்தனர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. ஒரு தரப்பின் ஆள் நடுவராக இருக்க முடியாது. எழுதப்படாத கணக்கு எப்போதும் எளியவருக்கு எதிராகவே சாயும்.

மக்காவில் ஒரு வியாபார வழக்கு

இவ்விரண்டு உண்மைகளும் நமக்குப் புதியவை அல்ல. ஸபீத் குலத்தைச் சேர்ந்த யமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவில் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகரிடம் விற்றார். சரக்கை வாங்கியவர் பணம் தர மறுத்தார். வெளியூர்க்காரருக்கு உள்ளூரில் ஆள் இல்லை. அவர் பொதுவில் முறையிட்டபோது, நியாயம் உணர்ந்த சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, பாதிக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நின்று உரிமையைப் பெற்றுத் தருவோம் என உறுதிமொழி எடுத்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என அழைக்கப்படும் அவ்வுடன்படிக்கையில் இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் பங்கேற்றார்கள். நபித்துவம் பெற்ற பிறகும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

கஅபாவின் ஹஜருல் அஸ்வத் கல்லை உரிய இடத்தில் வைப்பது யார் என்று குலங்கள் மோதிக்கொள்ளும் நிலை வந்தபோது, கல்லை ஒரு துணியில் வைத்து, ஒவ்வொரு குலத் தலைவரும் துணியின் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் செய்து, அந்தச் சண்டையை அவர்கள் தீர்த்து வைத்த வரலாறும் நீங்கள் அறிந்ததே. யாரும் தோற்கவில்லை, யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. சமரசத்தின் இலக்கணம் அதுதான்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும், நீதியாக எழுதும் ஒருவரைக் கொண்டு எழுதுமாறும், சாட்சிகளை ஏற்படுத்துமாறும் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். எழுதச் சொன்னால் நம்பிக்கையில்லை என்று பொருளாகிவிடுமோ என நம்மில் பலர் கூசுகிறோம். எழுதுவது நம்பிக்கையைக் காப்பதற்கே.

இன்றைய சட்டம் திறந்திருக்கும் வாசல்

நம் நாட்டுச் சட்டமும் இன்று சமரசத்தின் பக்கம் வெகுதூரம் வந்துவிட்டது. நீதிமன்றத்திற்கு வந்த வழக்கைச் சமரசத்திற்கு அனுப்ப வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 12ஏ பிரிவு, மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் தேவைப்படாதபோது, முதலில் சமரசத்தை நாட வேண்டும் என்கிறது. இது கட்டாயமானது, மீறித் தொடுக்கப்படும் வழக்கு நிராகரிக்கப்படும் என 2022 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சமரசத்திற்கென்றே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இரு தரப்பும் தாமாக ஒரு முடிவுக்கு வர உதவுவதே அவர் பணி. அங்கே பேசியவை வெளியே போகா. முடிவு எட்டவில்லையெனில் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். சமரசத்தில் செலவான காலம் வழக்கின் காலவரம்பில் கழிக்கப்படும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நிலுவை வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வேறு சில செய்திகளையும் வியாபாரிகள் அறிந்திருத்தல் அவசியம். பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம், ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட வழக்கிட இயலாது என்கிறது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டுமே வழி உண்டு. கொடுத்த கடனைக் கேட்டு வழக்கிட பொதுவாக மூன்று ஆண்டுகளே அவகாசம். சிறுதொழில் செய்வோர் விற்ற சரக்கிற்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கூறுகிறது. அதற்கான மன்றமும் முதலில் சமரசத்தையே முயலும்.

ஜமாஅத்தின் எல்லை எது?

நம் மஹல்லாக்களில் ஜமாஅத் நிர்வாகிகள் பல வழக்குகளைப் பேசித் தீர்த்து வருகின்றனர். அது நற்பணி. எனினும் ஃபத்வாவுக்கோ தாருல் கழாவின் முடிவுக்கோ சட்ட வலு இல்லை, அதை எவர் மீதும் திணிக்க இயலாது என 2014இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பள்ளிவாசல்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் இயங்கக் கூடாது என 2016இல் சென்னை உயர்நீதிமன்றமும் உத்தரவிட்டது. இதில் வருந்த எதுவுமில்லை. சமாதானம் செய்து வைப்பதற்கு அதிகாரம் தேவையில்லை. இரு தரப்பின் நம்பிக்கை ஒன்றே போதும். அழைத்துப் பேசுவோம், கேட்போம், இணக்கத்திற்கு வழி சொல்வோம். ஒதுக்கி வைப்பதோ மிரட்டுவதோ வேண்டாம். எட்டிய உடன்பாட்டை எழுதி, வழக்கறிஞரிடம் காட்டி, மக்கள் நீதிமன்றத்தில் பதிந்துகொண்டால் அது பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

எதிர்த்தரப்பு வேறு சமயத்தவராயின் நம் ஜமாஅத்தில் மட்டும் அமர்ந்து பேசுவது போதாது. தருவைகுளத்துப் படகுக்காரருக்கும் காயல்பட்டினத்து வியாபாரிக்கும் பிணக்கு வந்தால் இருவரும் நம்பும் பொது இடத்தில் அமர வேண்டும். 1530களில் இல்லாமற்போன அந்தப் பொதுத் திண்ணை இன்று மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, கூட்டு சேரும் நாளிலேயே பங்கை எழுதுங்கள். பிரியும் முறையையும் அன்றே எழுதுங்கள். பிணக்கு வந்தால் சமரசத்தை முதலில் நாடுவோம் என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள். கோபம் ஆறாத கையோடு வழக்குமன்றப் படியேறாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. உறவை விட்டுவிடாமல் உரிமையைப் பெறுங்கள் என்கிறோம்.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், பிணக்குகளில் இணக்கத்தையும், சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.